இரண்டாவது குடம்

பங்குனி கழிந்து சித்திரை புகுந்துவிட்டது. வானம் தன் நீலத்தை இழந்து, துலக்காத வெண்கலத் தாம்பாளம்போல் மங்கிக் கிடந்தது. ஏரியின் அடிமண் பாளம் பாளமாக வெடித்து, மேகம் வரும் வழியை நோக்கி வாய் திறந்திருந்தது. கனியெல்லாம் உதிர்த்துக் கொடுத்த புளியமரங்கள் அசைவற்று நின்றன. குயிலும் நண்பகலில் கூவ அஞ்சியது. வேம்பு ஒன்றே, அருளாளன் எந்தக் காலத்திலும் எல்லாக் கதவுகளையும் ஒருசேர அடைப்பதில்லை என்று சாட்சி சொல்வதுபோல, அத்தனை வெயிலிலும் வெண்பூச் சொரிந்துகொண்டிருந்தது.

எண்பத்தேழாம் ஆண்டின் அந்தச் சித்திரையில், கடத்தூரை அடுத்த நெல்லிமரத்துப்பட்டிக்கு ஓர் ஆழ்துளைக் கிணறு அருளப்பட்டது. கிணறு ஒன்று, தெருவோ இரண்டு. மாரியம்மன் காக்கும் மேட்டுத்தெரு ஒன்று. அந்தோணியார் காக்கும் ஓடைத்தெரு மற்றொன்று. இரண்டுக்கும் நடுவே பாறையும் ஒற்றை வேம்பும் உள்ள புறம்போக்கு நிலம். அதற்குக் காவல் யாரும் இல்லை.

முந்தைய ஆண்டு ஊராட்சித் தேர்தல் வந்தபோது, தன் தெருக்காரர் தலைவராவதைக் காட்டிலும் அடுத்த தெருக்காரர் ஆகாமற் போவதே முக்கியம் என்று இரு தெருவும் கருதின. எனவே சாலையோரத்துப் புளி மண்டி தஸ்தகீர் தலைவரானார். தபால்வழியில் வரலாற்றில் எம்.ஏ. தேறியவர் அவர். மொரப்பூர் ரயில் நிலையத்தில் புளி மூட்டைகளுக்குக் காவலிருந்தபடியே பேரரசுகளைக் கற்றவர். ஒவ்வொரு பேரரசும் எழுச்சியடைந்து முடிவதற்கும் சரக்கு வண்டி வருவதற்கும் சரியாக இருக்கும். அதனால் வீழ்ச்சி பற்றிய அத்தியாயங்களை மட்டும் அவர் சற்று விரைவாகப் புரட்டிவிட்டார்.

அந்தக் கல்வியைக் கொண்டே ஊரை ஆண்டார். கோயில் காளை ஊராட்சி அலுவலக வாசலில் படுத்து வழி மறித்தபோது, கோட்டைகளைப் பிடித்த முறைப்படி முற்றுகையிட்டுப் பட்டினி போடுமாறு ஆணையிட்டார். காளை முற்றுகைக்குள் இருந்தபடியே அலுவலகப் பந்தலின் ஓலையைத் தின்று தீர்த்துவிட்டு, தனக்கு விருப்பமான வேளையில் எழுந்து போயிற்று.

ஆழ்துளை போடும் வண்டி வரும் நாள் காலையில் அவர் மனைவி ஹசீனா தேநீரை நீட்டியபடி கேட்டாள்.

"எங்கதாங்க போடப் போறீங்க? நீர் பாக்கற ஆபீசர் ரெண்டு எடத்துல சுண்ணாம்புக் குறி வெச்சிட்டுப் போனாரே?"

குறிகள் தெருவுக்கு ஒன்றாக இருந்தன. ஓடைத்தெருக் குறியே உறுதியானது என்று அந்த அதிகாரி சொல்லியும் இருந்தார்.

"ரெண்டுலயும் இல்ல" என்றார் தஸ்தகீர் பெருமிதத்துடன். "நடுவுல. ரஷ்யாக்காரனும் வெள்ளைக்காரனும் மோதிக்கக் கூடாதுன்னு ஆப்கானிஸ்தானத்த நடுவுல மெத்த மாதிரி விட்டு வெச்சாங்க. அதான் ராஜதந்திரம்."

"அந்த ஆப்கானிஸ்தான்ல இப்ப நிம்மதியா தூங்கறாங்களாமா? தெனம் ரேடியோவுல கேக்கறேனே."

தஸ்தகீர் அந்தப் பாடம்வரை படித்திருக்கவில்லை.

வண்டி வந்தது. ஓட்டி வந்த முனிராஜ் கீழே இறங்கும்போதே கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். "தலைவருங்களே, இன்னிக்குப் பொழுதோட கெளம்பிருவேன். தண்ணி வந்தாலும் செரி, வராட்டியும் செரி. அடுத்த ஊருக்காரங்க காத்திருக்காங்க. திரும்பி வரணும்னா மழக்காலம் போவட்டும்."

நாள் தவறினால் அந்தக் கோடை முழுதும் இரு தெருப் பெண்களும் கடத்தூர் சாலைத் தோட்டக் கிணறுவரை குடம் சுமக்க வேண்டும். ஆயினும் தஸ்தகீர், ராஜதந்திரம் உள்ளே இருக்கிறதென்ற தெம்பில், புறம்போக்கைக் கைகாட்டினார்.

"அங்க குறியே இல்லீங்களே?" என்றான் முனிராஜ்.

"குறி இல்லாததாலதான் அங்க" என்றார் தஸ்தகீர்.

இயந்திரம் முழங்கியது. பாறை பொடிந்தது. வெண்புழுதி எழுந்து வேம்பையும் வேடிக்கை பார்த்த ஊரையும் வேறுபாடின்றி மூடிற்று. நண்பகல் வரை துளைத்தும் ஈரம் என்ற சொல்லுக்குக்கூட அங்கே இடமில்லை. ஓடைத்தெருவின் தலைவரும் ஊராட்சித் துணைத்தலைவருமான சவுரியப்பன், மீசைமுதல் வேட்டிவரை வெளுத்துப்போய் முன்னால் வந்தார்.

"பாய், எங்க ரெண்டு தெருவையும் ஒரே நெறமாக்கிட்டீங்க. அதுக்கு ஒரு கும்பிடு. தண்ணி எங்க?"

"பள்ளத்துல நின்னுக்கிட்டு இந்த ஆளு பேசறதப் பாருங்க!" என்று மேட்டுத்தெரு உறுப்பினர் பெரியம்மாள் முந்தானையை உதறினாள். எழுந்த புழுதியில் நால்வர் தும்மினர். "எங்க குறியில போட்டிருந்தா இந்நேரம் குளிச்சிருப்போம்."

"உங்க குறியில போட்டா எங்க பொம்பளைங்க மேடேறி வரணுமா?"

"எறங்கி வந்தா மட்டும் எங்க காலு தேயாதா?"

முனிராஜ் வானத்தைப் பார்த்தான். "இன்னொரு துளைக்குத்தானுங்க நேரம். எங்கன்னு சொல்லுங்க. இல்லாட்டி தொளைக்கிற ராடக் கழட்டறேன்."

தஸ்தகீர் வேம்படியில் அமர்ந்தார். தாம் படித்த மன்னர்களையெல்லாம் ஒவ்வொருவராக மனத்துள் அழைத்தார். வெற்றி பெற்றவர் எல்லாரும் யானைமேல் வந்து, வெற்றியைக் காட்டிவிட்டுப் போயினர். கேள்விக்கு விடை சொல்ல ஒருவரும் இறங்கவில்லை. துணிக்கடையில் சட்டை எடுப்பதுபோல, தமக்குப் பிடித்த காலத்திலிருந்து ஒரு தீர்வை எடுத்து, அளவு பாராமல் இந்த ஊருக்கு மாட்டிவிட்டதை அப்போதுதான் உணர்ந்தார். மொரப்பூரில் புரட்டித் தள்ளிய அந்த வீழ்ச்சி அத்தியாயங்கள் அனைத்தும் ஒரே கேள்வியில்தான் தொடங்கின என்பதும் நினைவுக்கு வந்தது: ஏன்?

எழுந்தார். "அக்கா, சவுரியப்பண்ணே. ஒண்ணு கேக்கறேன். ஓடையோரத்துல ரெண்டு தெருவுக்கும் பொதுவா ஒரு கெணறு இருந்துச்சாமே. அதக் கல்லப் போட்டு மூடினது ஏன்?"

இரு தரப்பும் ஒருசேர வாய் திறந்தன. ஒருவர் பேச்சை ஒருவர் மறுத்தாலும், புழுதி அடங்க அடங்கக் கதை வெளிவந்தது. தூரத்தால் அந்தச் சண்டை வரவில்லை. மேட்டுத்தெருப் பெண்கள் அன்றாடம் சிரித்துப் பேசியபடியே இறங்கி வந்திருக்கிறார்கள். ஓர் ஆண்டு மாரியம்மன் திருவிழாவும் அந்தோணியார் திருவிழாவும் ஒரே நாளில் வந்தன. சாமிக்கு எடுக்கும் முதல் குடம் யாருடையது என்று விடியலில் தொடங்கிய வழக்கு, கயிறு அறுந்து, கல் விழுந்து, கிணறு மூடி முடிந்தது.

"அப்ப சண்டை கெணத்துக்கு இல்ல, மொதக் குடத்துக்கு" என்றார் தஸ்தகீர். நிலத்தை ஒருவனுக்கும் முதல் மரியாதையை மற்றவனுக்கும் பிரித்துக் கொடுத்து அமைதி கண்ட அரசர்கள் உண்டு என்று மனம் உடனே எடுத்துக் கொடுத்தது. பழக்கம் போகுமா? "செரி. ஒரு தெருவுக்குக் கெணறு, ஒரு தெருவுக்கு மொதக் குடம். யாருக்கு எது வேணும்?"

"மொதக் குடம்!" என்றார் சவுரியப்பன்.

"மொதக் குடம்!" என்றாள் பெரியம்மாள்.

"கெணத்த அவங்களே வெச்சுக்கட்டும்! எங்களுக்கு எறங்கற நடை பழக்கந்தான்!" என்றனர் மேட்டுத்தெருப் பெண்கள்.

"நீங்களே வெச்சுக்குங்க தாயி! மேடேறினா ஒடம்புக்கு நல்லது!"

காலைமுதல் எந்தக் கிணற்றுக்காக மல்லுக்கு நின்றார்களோ, அந்தக் கிணற்றை இரு தெருவும் எதிர்த்தெருவின் தலையில் கட்ட முனைந்தன. முனிராஜ் வண்டியில் ஏறி அமர்ந்து, தலையில் கை வைத்தான்.

தஸ்தகீருக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு ஒரு தெளிவு வந்தது. கையை உயர்த்தினார்.

"கேளுங்க. மொதக் குடம் உங்களுக்கும் இல்ல, அவங்களுக்கும் இல்ல. இன்னிக்கும் செரி, இனி எந்தத் திருவிழாவுக்கும் செரி, மொதக் குடம் இந்த மண்ணுக்குள்ள தண்ணிய வெச்சவனுக்கு. அத இந்த வேம்புல ஊத்திருவோம். மத்ததெல்லாம் ரெண்டாவது குடம்."

"அப்ப அந்த ரெண்டாவது குடம் யாருக்கு?" என்று மடக்கினார் சவுரியப்பன்.

"அண்ணே, எத்தனையோ ராஜ்யத்தப் பத்திப் படிச்சிருக்கேன். ரெண்டாவது எடத்துக்கு வாளெடுத்தவன் சரித்திரத்துலயே கெடையாது."

சவுரியப்பன் மீசைப் புழுதியைத் துடைத்துக்கொண்டார். பெரியம்மாள் புழுதி படிந்த வேம்பை ஏறிட்டுப் பார்த்தாள். வேம்பு மாரியின் மரம். "சாமிக்குன்னா செரி" என்றாள்.

"எனக்கும் செரி" என்றார் சவுரியப்பன். "ஆனா கெணறு எங்க?"

"ஆபீசர் உறுதின்னு சொன்ன ஓடைக் குறியில. அத மொதல்லயே கேக்காதது என் தப்பு."

முதல் குடம் கையை விட்டுப் போனபின் இடத்தைப் பற்றி யாருக்கும் வீம்பு இருக்கவில்லை. மேட்டுத்தெரு முணுமுணுத்தது, அவ்வளவே.

வெயில் மேற்கே சாய்ந்த வேளையில் ஓடைக் குறியிலிருந்து முதலில் ஒரு பெருமூச்சு எழுந்தது. பிறகு சேறு. பிறகு தண்ணீர், பனைமர உயரத்துக்கு. ஹசீனா நீட்டிய குடத்தை ஏந்திக்கொண்டு தஸ்தகீர் அந்தப் பொழிவுக்குள் புகுந்தார். தலைவர் என்று அடையாளம் சொல்ல மூக்குக் கண்ணாடி மட்டுமே மிஞ்சும் கோலத்தில் வெளியே வந்தார்.

"இதெந்த ராஜா பட்டாபிஷேகமுங்க?" என்றாள் ஹசீனா.

அவர் நிறைகுடத்தைத் தோளில் ஏற்றிப் புறம்போக்கை நோக்கி நடந்தார். பின்னால் இரு தெருவும் வெற்றுக் குடங்களோடு நடந்தன.

வேம்பின் வேரில் தண்ணீரை ஊற்றினார். வெடித்த மண் ஓசையின்றிக் குடித்தது. குடத்தின் அடியில் எஞ்சிய நீரால் முகமும் கையும் காலும் கழுவி, துண்டை விரித்து, மேற்கு நோக்கி நின்று, பிற்பகல் தொழுகையான அஸர் தொழுதார். ஊற்றையும் நாவறட்சியையும் படைத்தவன்முன் அவர் நெற்றி நிலத்தில் பட்டபோது, வேப்பம்பூக்கள் சில அவர் முதுகில் உதிர்ந்தன. அவர் எழும்வரை ஒருவரும் குடத்தைக் கீழே வைக்கவில்லை; வைத்தால் ஓசை எழும் என்று இடுப்பிலேயே பிடித்திருந்தனர். சவுரியப்பன் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

துண்டை மடித்து எழுந்தவரின் ஈரத் தலையில் பெரியம்மாள் தன் புழுதிக் கையை வைத்தாள்.

"நல்லா இரு சாமி. உன் வூட்டு அடுப்பு அணையாம, உன் குடம் வத்தாம, இந்த ஊத்து போலவே உன் கொலம் சொரந்துக்கிட்டே இருக்கட்டும்."