மூன்றாம் ஓலை

...விளையாட்டுக்குத்தான் கையைப் பிடித்திருப்பார், விளையாட்டு என்றால் ‘விடுங்க’ என்றதும் விட்டிருக்க வேண்டாமா, திரும்பத் திரும்பச் சொன்னேனே... பூசையில் சாமியார் கல்யாண ஓலை வாசிக்க எழுந்துவிட்டார், மூன்று ஞாயிறு வாசிப்பதில் மூன்றாம் ஓலை, கடைசி ஓலை, ‘பாலக்கோடு பங்கைச் சேர்ந்த சவரிராயனுக்கும் நம் பங்கைச் சேர்ந்த ராஜமேரிக்கும்...’ ராஜமேரி நான்தான், பக்கத்தில் அம்மா என் முக்காட்டை இழுத்துவிடுகிறாள், ஆண்கள் பக்கம் முன்னால் உட்கார்ந்திருப்பவர் அவர், வெள்ளைச் சட்டை, எண்ணெய் வழியச் சீவிய தலை, தன் கல்யாண ஓலையைக் கேட்க பஸ் ஏறி வந்திருக்கிறார், நல்ல மாதிரி என்று ஊரே சொல்கிறது. நல்ல மாதிரிதானா? வெள்ளிக்கிழமை எங்கள் கிணற்றடியில் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாரே, அந்தச் சிரிப்பை நான் முன்னமே எங்கேயோ படித்திருக்கிறேன்.

எங்கேயோ என்ன எங்கேயோ, அந்தத் தொடர்கதையில்தான். எஸ்டேட் முதலாளி கதாநாயகியைச் சிரித்துக்கொண்டே பங்களாவில் பூட்டி வைக்கிறான், அவள் மாட்டேன் மாட்டேன் என்கிறாள், கடைசியில் அவன் தோளிலேயே சாய்கிறாள். வாரப் பத்திரிகை வந்த அன்றைக்கு நானும் தையல் வகுப்பு குல்ஷனும் அடித்துப் பிடித்துப் படிப்போம், பக்கங்களைக் கிழித்துத் தைத்துக்கூட வைத்தோம். வாசகர் கடிதத்தில் ஒரே சண்டை, இப்படி எழுதினால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று ஒரு கட்சி, கதைதானே என்று ஒரு கட்சி. எனக்கு வந்ததே கோபம், படிக்கிற நாங்கள் என்ன பச்சைக் குழந்தைகளா? குல்ஷன் சொன்னாள், ‘கதைய மூடிட்டு நாம சோறாக்கப் போறம், நெசத்துல எவனாச்சும் கைய வெச்சா ஒடச்சிர மாட்டமா?’ அந்தக் கதை எங்களுக்குப் பிடிக்கும் என்று தொடங்கி அதையே நான் நல்ல தமிழில் எழுதிப் போட்டேன், பேரோடு ஊரோடு அச்சில் வந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் பெண் கேட்டே வந்தார்களாம். அப்போது எவ்வளவு பெருமை எனக்கு! வெள்ளிக்கிழமை அவர் சொன்னது, ‘சும்மா பிகு பண்ணாத. அந்தக் கதை புடிக்கும்னு நீதான எழுதுன?’

பிடிக்கும். இன்னமும் பிடிக்கும், அதை நான் மறுக்க மாட்டேன்... அப்படியென்றால் அந்தக் கட்சிக்காரர்கள் சொன்னதுதான் சரியா? கதை இவரைக் கெடுத்ததா, இல்லை ஏற்கெனவே இப்படி இருந்தவருக்குக் கதை ஒரு சாக்கா? அந்த முதலாளியைப் படித்துப் பயம் வந்தபோதெல்லாம் நானே படக்கென்று மூடி வைத்தேன், இந்த வலது கையால். கிணற்றடியில் அவர் பிடித்திருந்தது இந்தக் கையைத்தான்.

‘இந்தத் திருமணத்துக்குத் தடை இருப்பதாக அறிந்தவர்கள் உடனே தெரிவிக்க வேண்டும்’ என்கிறார் சாமியார். தடை என்றால் ரத்த உறவு, முந்தின கல்யாணம்... மணிக்கட்டில் கன்றிப்போயிருப்பது தடையில் சேருமா? சொன்னால் அம்மா என்ன ஆவாள்? சொல்லாவிட்டால் நான் என்ன ஆவேன்? யாரோ முந்தானையை இழுக்கிறார்கள், அம்மாதான், ‘உக்காரு பாப்பா, அல்லாரும் பாக்கறாங்க...’ கோயிலே உட்கார்ந்திருக்க நான் மட்டும் நின்றுகொண்டிருக்கிறேன், எப்போது எழுந்தேன்... முன்னால் இருந்து அவர் திரும்பிப் பார்க்கிறார், சிரிக்கிறார், அதே சிரிப்பு, தன்னைப் பார்க்கத்தான் நான் எழுந்தேன் என்று நினைத்துக்கொண்டார்.