ஹீற்றர் போட்ட ஆதிதாளம்

1995ஆம் ஆண்டு நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை, மாலை நான்கே முக்கால் மணிக்கு, மொன்றியல் பார்க் எக்ஸ்டென்ஷனில் புளூம்பீல்ட் வீதியில் இருக்கும் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் ஹீற்றர் குழாய் ஆதிதாளம் போடத் தொடங்கியது. வெளியே குளிர் சைபருக்குக் கீழே ஆறு பாகை. நிலவறையில் இருந்த பொயிலரிலிருந்து நீராவி ஏறும்போது பழைய குழாய்கள் இடிப்பது அந்த வட்டாரத்தில் புதிதல்ல. எண்ணி இடிப்பதுதான் புதிது. தட்டுக்கு ஒரு பெரிய இடி, விரல் எண்ணிக்கைக்கு மூன்று சின்னச் சொடுக்கு, பிறகு ஒரு இடி, கையை வீசிக் காட்ட வேண்டிய இடத்தில் நீராவி விடும் ஓர் ‘உஸ்’, மறுபடி ஒரு இடி, மறுபடி ஓர் ‘உஸ்’. மொத்தம் எட்டு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இரண்டாம் மாடி ஐந்தாம் இலக்க வீட்டில்தான் அது தெளிவாகக் கேட்டது.

அந்த வீட்டில் சிவநேசம் இருந்தாள். தைப்புத் தொழிற்சாலையில் காலர் தைப்பவள். கணவனுக்கு ஆற்றுக்கு அப்பால் லவால் நகரில் ஒரு பேக்கரியில் வேலை இருந்தது. இந்தக் கதையில் வேலை இல்லை. அவர்களின் ஒரே மகள் பிரஷாந்தினிக்கு ஐந்து வயது. தமிழ், பிரெஞ்சு, ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் அவளுக்கு எண்ணத் தெரியாது. மூன்று கரண்டி எடுத்து வா என்றால் கை கொள்ளுமட்டும் எடுத்து வருவாள். பள்ளிக்கூடத்தில் பாலர் வகுப்பு ஆசிரியை எலிசா நல்ல மனுசிதான். ஆனாலும் மே மாதச் சோதனையில் பிள்ளை எண்ணாவிட்டால் முதலாம் வகுப்புக்குப் பதில் விசேட வகுப்புக்குப் போக வேண்டியிருக்கும் என்று ஒரு கடிதம் அனுப்பியிருந்தாள். விசேட வகுப்பு வேறு கட்டடத்தில் இருந்தது, மஞ்சள் பஸ் தனி. அந்தக் கடிதத்தைச் சிவநேசம் அரிசி வாளிக்குள் ஒளித்து வைத்தாள். அரிசி அளக்கும்போதெல்லாம் அது வெளியே தலைகாட்டியது.

அந்தச் செவ்வாய்க்கிழமை பிரஷாந்தினி குழாய்க்கு முன்னால் உட்கார்ந்து கச்சான்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வோர் ஒலிக்கும் ஒரு பருப்பைத் தரையில் வைத்தாள். இடிக்கு வைத்தாள், சொடுக்குக்கு வைத்தாள், உஸ்ஸுக்கும் வைத்தாள். தாளம் முடிந்ததும் கை நின்றது. பிறகு அடுத்த வரிசை. நான்கு வரிசை வைத்த பின் தாயைத் திரும்பிப் பார்த்து, “அம்மா, நாலு எட்டு,” என்றாள். சிவநேசம் அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் இருந்து அழுதாள். அடுப்பிலிருந்த பருப்பு வேகவில்லை. அன்று அதைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை.

சங்கதி வெளியே போக இரண்டு நாள் போதுமாயிருந்தது. டிசம்பரில் நத்தாருக்கு முன்பே கட்டடத்தின் இருபத்திரண்டு பிள்ளைகளும் ஐந்தாம் இலக்க வீட்டு வரவேற்பறையில் போர்வை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். நாலு வயதுக்காரர்கள் எட்டாம் வாய்ப்பாடு சொன்னார்கள். கீழ்வீட்டில் இன்னும் நடக்கத் தொடங்காத ஒரு குழந்தை, முக்கால்வாசிதான் இருக்கிறது என்று சைகை காட்டிப் பால் போத்தலைத் திருப்பிக் கொடுத்தது. இசை கேட்டால் குழந்தைகளுக்கு மூளை வளரும் என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. நகரின் மேற்குப் புறமான பியர்பொன்ட்ஸிலிருந்து கணிதப் பேராசிரியர் பாலசந்திரன் கார் ஓட்டிக்கொண்டு வந்து, ஒரு மணி நேரம் கடிகாரத்தைப் பிடித்தபடி குழாயின் எதிரே இருந்தார். “இதுக்கு விஞ்ஞானபூர்வமா எந்த ஆதாரமும் கிடையாதும்மா,” என்று சிவநேசத்திடம் கண்டிப்பாகச் சொன்னார். சப்பாத்து மாட்டும்போது, “சனிக்கிழமைல எத்தனை மணிக்கு ஆரம்பிக்கும்?” என்று கேட்டார். அந்தச் சனிக்கிழமை முதல் அவருடைய மகன் பிரணவும் போர்வையில் இருந்தான்.

இத்தோடு விட்டிருந்தால் ஒரு பிழையும் வந்திராது. ஆனால் பிள்ளைக்கு ஒன்று வந்துவிட்டால் அது சீக்கிரம் வரவில்லையே என்று ஏங்குவது நம்மவர் வழக்கம். மேல்வீட்டு அரியரத்தினம் ஊரில் கல்விக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தவர், இங்கே ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார், பெற்றோரின் தலைவராகத் தம்மைத் தாமே தெரிவு செய்திருந்தார். குழாய் போடுவது முதலாம் காலம், அதாவது நிதான நடை என்று அவர்தான் கண்டுபிடித்தார். “முதலாம் காலத்திலையே இவ்வளவெண்டால் மூண்டாம் காலத்திலை எப்பிடியிருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ!” மூன்றாம் காலம் என்றால் நான்கு மடங்கு வேகம். கட்டடக் காவலாளி கிறகரி நிலவறையில் பொயிலரைப் பார்த்துக்கொள்பவன். ஆட்டிறைச்சி ரோல்ஸ் பன்னிரண்டு ஒரு தட்டில் அவனிடம் போயிற்று. அன்று பின்னேரமே நீராவி கூடியது. ஜனவரி நடுப்பகுதியில் குழாய் மூன்றாம் காலத்தில் அடித்துக்கொண்டிருந்தது. வீடுகளில் எல்லோரும் பெனியனோடு திரிந்தார்கள்.

மூன்றாம் காலத்தின் பலன் விரைவில் தெரிந்தது. அரியரத்தினத்தின் மகன் ஆரூரன் ஒரு காலை வெண்ணெய் பூசிய பாணைக் கடித்தபடி “பதினேழு” என்றான். பிற்பகலில்தான் பள்ளிக்கூடத்தில் ஒன்பதையும் எட்டையும் கூட்டச் சொன்னார்கள். பிறகு எல்லாப் பிள்ளைகளுக்கும் கேள்விக்கு முன்னே விடை வரத் தொடங்கியது. பெற்றோர் பூரித்துப்போனார்கள். யாழ்ப்பாணத்தில் நல்ல ரியூசன் என்றால் பள்ளிக்கூடத்துக்கு முன் பாடத்தை முடித்துவிடும். இங்கே கேள்விக்கு முன் விடையே முடிந்துவிட்டது. இதற்கு மேல் ஒரு பிள்ளையிடம் என்ன எதிர்பார்க்க முடியும் என்று அரியரத்தினம் கேட்டார்.

பெப்ரவரியில் எலிசா ஒரு முன்சோதனை வைத்தாள். மேசையில் மூன்று பொத்தான் வைத்தாள். பிரஷாந்தினி ஏழு என்றாள். ஏழு வைத்தாள், நான்கு என்றாள். நான்கு வைத்தாள்; ஒன்பது என்றாள். இருபது கேள்விக்கும் இருபது பிழை. தாளைக் கையில் வாங்கிய சிவநேசம் நடைபாதையில் நின்று, விடைகளை விரலால் ஒவ்வொரு வரி கீழே, அடுத்த கேள்விக்கு இறக்கிப் பார்த்தாள். பத்தொன்பதும் சரி. கடைசி விடை மட்டும் யாரும் இன்னும் கேட்காத ஒரு கேள்விக்கு. தன் அரைகுறைப் பிரெஞ்சில் இதை எலிசாவுக்கு விளக்கினாள். எலிசா கவனமாகக் கேட்டுவிட்டுக் கடுதாசிக் கைக்குட்டைப் பெட்டியை அவள் பக்கம் தள்ளினாள்.

சிவநேசம் நேரே மேல்வீட்டுக்குப் போனாள்.

“அண்ணை, திரும்பவும் முதலாம் காலத்துக்குக் குறைக்கச் சொல்லுங்கோ. என்ரை பிள்ளையை வேறை பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப் போறாங்கள்.”

“தங்கச்சி, ஒரு பிள்ளைக்காக இருபத்தொரு பிள்ளையளைப் பின்னுக்கு விடேலுமே? நீர் வேணுமெண்டால் அவளின்ரை காதுக்குப் பஞ்சு வையும்.”

“அது என்ரை வீட்டுக் குழாய், அண்ணை.”

“குழாய் உம்மட வீட்டிலை. ஆவி எல்லாருக்கும் பொது,” என்றார் அரியரத்தினம். சட்டப்படி அது சரிதான்.

அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பஞ்சு வைக்கவில்லை. மகளை மடியில் இருத்தி, அவளுடைய முழங்காலில் தன் கையால் தாளம் போடத் தொடங்கினாள். சங்கீதம் படித்தவள் அல்ல. பாடினால் கிறகரியின் பூனை படியிறங்கிப் போய்விடும். தாளத்தை அந்தக் குழாயிடமிருந்தே கற்றிருந்தாள். நவம்பரில் அது போட்ட வேகம் அவளுடைய கையில் அப்படியே இருந்தது. குழாய் ஒருபக்கம் படபடவென்று அடிக்க, இவள் தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு என்று வேலை விட்டு வந்த நேரம் முதல் சாப்பாட்டு நேரம் வரை எதிர்த்துப் போட்டாள். உள்ளங்கை சிவந்து தடித்தது. போர்வையில் இருந்த பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக வராமல் விட்டார்கள். கோயிலில் அவளுக்குப் பக்கத்தில் உட்காருவதையும் ஆட்கள் நிறுத்தினார்கள்.

பத்தொன்பதாம் நாள் குழாயின் ஓர் ‘உஸ்’ பிந்தியது. அடுத்த நாள் இரண்டு பிந்தின. மார்ச் 9, சனிக்கிழமை, குழாய் அவளுடைய கையின் வேகத்துக்கு வந்து சேர்ந்தது. அரியரத்தினம் இரண்டு தட்டு ரோல்ஸ் கொண்டு போனார். கிறகரி இரண்டையும் சாப்பிட்டுவிட்டு நீராவியை உச்சத்துக்கு ஏற்றினான். வீடுகள் கொதித்தன, ஜன்னல்கள் திறந்தன, வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது, ஆனால் தாளம் அசையவில்லை. ஏப்ரலில் அரியரத்தினம் குடும்பத்தோடு லவாலுக்குக் குடிபோனார். அங்கே வேகமான குழாய்கள் இருப்பதாக யாரோ சொல்லியிருந்தார்கள். போய்ப் பார்த்தால் மின்சார ஹீற்றர்.

மே 10ஆம் திகதி பொயிலரை அணைத்தார்கள். சோதனை மே 29இல். இடையில் பத்தொன்பது நாள் குழாய் இல்லை. பிள்ளைக்குக் கணக்கு தங்குமா, ஆவியோடு போய்விடுமா என்று சிவநேசத்துக்குத் தெரியாது. கேட்டுப் பார்க்கவும் பயமாக இருந்தது, கேட்கவில்லை.

சோதனையன்று எலிசா ஐந்து பொத்தானும் மூன்று பொத்தானும் வைத்து எத்தனை என்று கேட்டாள். பிரஷாந்தினி பொத்தான்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதவுக் கண்ணாடிக்கு வெளியே வாங்குப் பலகையில் இருந்த சிவநேசத்தின் கை தானாக எழுந்தது. அவள் அதை மடக்கித் தொடைக்குக் கீழே வைத்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். எலிசாவின் பென்சில் பிழைக் கட்டத்தை நெருங்கியது. மேசைக்குக் கீழே பிள்ளையின் விரல்கள் மெதுவாகத் தட்டின, எண்ணின, தட்டின, வீசின. தாளம் ஓர் ஆவர்த்தனம் சுற்றி முடிந்தது. “எட்டு,” என்றாள் பிரெஞ்சில். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு முழு ஆவர்த்தனம் காத்திருந்தாள். எலிசாவுக்கு மதியச் சாப்பாடு தவறியது. வீச்சு வர வேண்டிய இடங்களில் பள்ளிக்கூடத்தின் குளிர்ந்த குழாய் மெல்ல ‘உஸ்’ என்றது. அதை எலிசா அறிக்கையில் எழுதவில்லை. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

ஜூனில் கடிதம் வந்தது. விடைகள் யாவும் சரி, முதலாம் வகுப்புக்குப் போகலாம், மெதுவான பிள்ளை என்று மூன்று வரி. மற்ற வீடுகளில் சான்றிதழும் பதக்கமும் தொங்கும் இடத்தில் சிவநேசம் இந்தக் கடிதத்தைக் கண்ணாடி போட்டு மாட்டினாள். வருகிறவர்களுக்குக் கடைசி வரியையும் தானே வாசித்துக் காட்டினாள்.

1998இல் கட்டடச் சொந்தக்காரர் பொயிலரைக் கழற்றி மின்சார ஹீற்றர் பூட்டினார். பழைய குழாய்கள் எதனோடும் தொடுப்பில்லாமல் சுவரோடு நின்றன. நவம்பர் நடுவில் அவை வழக்கம்போலத் தொடங்கின. பாலசந்திரன் இன்னும் சனிக்கிழமைகளில் வருகிறார். மூன்றாம் காலத்தின்போது பிரணவ் ஒருநாள் “நாற்பத்தொன்று” என்று சொல்லியிருந்தான். அதற்கான கேள்வி இதுவரை வரவில்லை. பேராசிரியர் அதை ஒரு துண்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்.

1999இல் மேல்வீட்டுக்குப் புதிதாக வந்த அக்னெஸ் தேநீர் குடிக்க வந்தவள், பேச்சின் நடுவே இடி கேட்டுத் திடுக்கிட்டு, “என்னக்கா அது?” என்றாள்.

“அது எண்ணுது,” என்றாள் சிவநேசம். “முடியட்டும், கதைப்பம்.”

பக்கத்தில் இருந்த மகளோடு சேர்த்து மூவரும் எட்டு வரை பேசாமல் இருந்தார்கள். பிறகு பிரஷாந்தினி மூன்று கரண்டி எடுத்து வந்தாள்.