கண்ணாடியின் பின்பலகை

ஏலக்கூடத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். பழைய நாற்காலி ஒன்றைத் தூக்கி வந்து, "எங்க கொள்ளுத்தாத்தா உட்கார்ந்தது" என்று யாராவது நெஞ்சை நிமிர்த்தினால் போதும், அதைத் தலைகீழாகக் கவிழ்த்துவிடுவாள். கால் அழகாக வளைந்து சிங்கப்பாதத்தில் முடிந்தாலும் மயங்க மாட்டாள். "பாணியைப் பார்த்தா அது எப்போ தொடங்கிச்சுன்னுதான் தெரியும். அதே பாணியில இன்னிக்கும் ஒருத்தர் செய்யலாமே. இதுல இருக்கறதுலயே புதுசு எதுன்னு பாருங்க, அதான் நிஜ வயசு" என்பாள். எத்தனை குடும்பங்களின் மானம் அப்படிக் கப்பலேறியதோ! கொஞ்சம் ரசித்துத்தான் செய்தாள், பொய் சொல்வானேன்.

சொந்த வீட்டு டிரஸ்ஸிங் டேபிளை மட்டும் அவள் ஒரு நாளும் கவிழ்த்ததில்லை. அது அம்மாவுடையது. அவள் தத்தித் தத்தி நடக்கும் வயதிலேயே அம்மா போய்விட்டாள். புகைப்படத்தில் இருப்பவள் யாரோ போல விறைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு உரிய அம்மா அந்தக் கண்ணாடி முன்னால்தான் இருந்தாள். முகம் ஞாபகமில்லை. ஒரு மடி, தலைவாரும் கையில் பச்சை வளையல், தன் மூக்கு நுனியில் ஒரு புள்ளி பவுடர். அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டே வளர்ந்துவிட்டாள்.

அப்பா மறுபடி கட்டிக்கொண்டு வந்த சித்தியோடு அவளுக்குச் சண்டை எதுவும் கிடையாது. ஒட்டுதலும் கிடையாது. பத்து வயதில் ஒரு முறை, வீடு நிறைய உறவுக்காரர்கள் இருக்கும்போது, அந்தக் கண்ணாடி முன் தலைவார உட்கார்ந்த சித்தியைப் பார்த்து, "அது எங்கம்மாவோடது, தொடாதீங்க!" என்று கத்தினாள். சீப்பையும் பவுடர் டப்பாவையும் எடுத்துக்கொண்டு எழுந்து போன சித்தி, அப்புறம் அங்கே உட்காரவே இல்லை.

இப்போது அப்பாவும் இல்லை. வீட்டைக் காலி செய்கிறார்கள். சித்தி ஒரு சின்ன ஃபிளாட்டுக்குப் போகிறாள். வேறு சாமான் எதுவும் எனக்கு வேண்டாம், அந்த மேசை போதும் என்று இவள் வண்டியோடு வந்திருந்தாள்.

மாடிப்படி குறுகல். கண்ணாடியைக் கழற்றினால்தான் மேசை இறங்கும். அதைச் சுமைக்காரர்கள் கையில் கொடுக்க மனம் வரவில்லை. திருப்புளியைத் தானே வாங்கிக்கொண்டு மேசையைச் சுவரிலிருந்து நகர்த்தினாள்.

பின்பலகை மரமில்லை. மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. சரி, யாரோ பிற்பாடு மாற்றியிருப்பார்கள் என்று இழுப்பறையை உருவினாள். அதன் அடியிலும் அதே பலகை. எதையும் கழற்றி மாற்றிய தடம் இல்லை, பழைய திருகுத் துளை ஒன்றுகூட இல்லை. முன்பக்கம் மட்டும்தான் வளைந்த காலும் சிங்கப்பாதமுமாக ஜம்பம். அந்தப் பலகை இந்த ஊர்க் கடைகளுக்கு எப்போது வந்தது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அவள் பாலர் வகுப்பில் சேர்ந்த வருஷம். அம்மா செத்து வெகுநாள் கழித்து.

கீழே பாத்திரங்களைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்த சித்தியைக் கூப்பிட்டாள்.

"சித்தி, இது யாரோடது?"

சித்தி உருவிக் கிடந்த இழுப்பறையைப் பார்த்தாள், பிறகு அவள் முகத்தைப் பார்த்தாள். "கண்டுபிடிச்சிட்டியா?" என்று கட்டிலில் உட்கார்ந்தாள். "என்னோடதுதாம்மா. கல்யாணத்துக்கு எங்க வீட்ல செஞ்சு குடுத்தது."

"இத்தனை வருஷமா வாயே திறக்கலியே!"

"அன்னிக்கு நீ கத்தினப்போ உங்கப்பா சொல்ல வந்தார். நான்தான் கண்ணக் காட்டித் தடுத்தேன். பெத்தவளப் பறிகொடுத்த புள்ள, அது கிட்டேர்ந்து ஒரு மேசையையும் பிடுங்கணுமா? போகட்டும்னு விட்டுட்டேன். வலிச்சுது, இல்லேன்னு சொல்ல மாட்டேன்."

மேசை கிடக்கட்டும். அப்படியென்றால் அந்த மடி? கேட்டுவிட்டால், இருந்த ஒரே அம்மாவும் போய்விடுவாள். கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

"நீங்க பச்சை வளையல் போட்டிருந்தீங்களா?"

"வந்த புதுசுல போட்டிருந்தேன். ஏன்?"

"பவுடர்..."

"ஐயோ, அந்தப் பவுடரா! நான் தலைவார உட்கார்ந்தாப் போதும், எங்கிருந்தாலும் ஓடி வந்து மடியில ஏறிக்குவ. மூக்குல ஒரு புள்ளி வெச்சாத்தான் இறங்குவ. அப்போல்லாம் என்னை அம்மான்னுதான் கூப்பிட்ட. அப்புறம் யாரோ என்னமோ சொல்லிக் குடுத்தாங்க, நிறுத்திட்ட." சித்தி சிரித்தாள். "உனக்கு அதெல்லாம் எங்க ஞாபகம் இருக்கப்போகுது."

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பெற்றவளைப் பற்றி இனி அவளிடம் ஒன்றுமே இல்லை. யாரை நினைத்து நினைத்து ஏங்கினாளோ, அவள் இத்தனை வருஷமும் பக்கத்து அறையிலேயே இருந்திருக்கிறாள். தொடாதே என்று விரட்டியதும் அவளைத்தான்.

"இருக்கு" என்றாள். "எனக்கு அது ஒண்ணுதான் ஞாபகம் இருக்கு."