மஞ்சள் தடவிய வெள்ளிக்கிழமை

காய்ச்சல் பரவிய மூன்றாவது வாரத்தில் அரசாங்கம் நாட்களைக் கையகப்படுத்தத் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு நாட்கள் போதவில்லை. அதனால் தினக்காலண்டரிலிருந்து வீட்டுக்கு ஒரு தாள் கிழித்துப் போனார்கள். நாள் போன வீட்டில் அன்று விடியாது. எதிர்வீட்டில் ஒரு புதன்கிழமை விடியவில்லை. வாசலில் பால் பாக்கெட் அப்படியே கிடந்தது.

எங்கள் வீட்டுக்குக் கிராம நிர்வாக அலுவலர் தமயந்தி வந்தார். கையில் ரப்பர் ஸ்டாம்ப், தோளில் தண்ணீர் பாட்டில். காலண்டரைப் புரட்டி ஆவணி பன்னிரண்டு, வெள்ளிக்கிழமையில் நிறுத்தினார். அது என் மகள் சுடர்க்கொடியின் கல்யாண நாள். என் மனைவி அந்தத் தாளின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தாள்.

“மேடம், அது முகூர்த்த நாள்,” என்றேன்.

“தெரியுது சார். மஞ்சள் தடவின நாள் நோயாளிக்கு ரொம்ப நல்லது.”

“ஆடியில நாலு நாள் கிழிக்காமயே விட்டுட்டோம். அதை எடுத்துக்கங்களேன்.”

அவற்றை முகர்ந்து பார்த்தார். “ஊசிப்போச்சு சார்.”

மூலை கசங்காமல் ஸ்கேல் வைத்துக் கிழித்தார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இருந்தாலும் காலண்டர் தாளை அவ்வளவு நேராக யாரும் கிழித்து நான் பார்த்ததில்லை. ரசீதும் கொடுத்தார்.

இழப்பீடு கேட்டுத் தாலுகா ஆபீசுக்குப் போனேன். நடக்க நடக்க வராந்தா நீண்டது. பாதி வழியில் ஒரு டீக்கடை இருந்தது. குடித்துவிட்டு மேலே நடந்தேன். கடைசியில் ஒரு குமாஸ்தா உட்கார்ந்திருந்தார்.

“நாள் உங்களுதுதான்னு என்ன அத்தாட்சி?”

“காலண்டர் என் வீட்டு ஆணியில தொங்குச்சுங்க.”

“வீடு சொந்தமா?”

“வாடகை.”

“அப்ப ஆணி ஹவுஸ் ஓனருது. நாளும் அவருது.”

“ஆணி இவர் அடிச்சது சார். சுவத்தைத் தட்டிப் பாத்து ரிப்போர்ட் போட்டிருக்கேன்,” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. தமயந்தி. என் மனுவுக்காக அந்த வராந்தா முழுவதையும் அவரும் நடந்து வந்திருந்தார். தண்ணீர் பாட்டில் காலியாக இருந்தது.

எடுத்துப் போனவரே எனக்காக வாதாடுகிறார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. குமாஸ்தா பீரோவைத் திறந்து ஒரு பழுப்புத் தாளைக் கொடுத்தார். தேதி இல்லாத செவ்வாய்க்கிழமை. எந்த இரண்டு நாளுக்கு நடுவிலும் செருகிக்கொள்ளலாமாம்.

“செவ்வாய்க்கிழமை யாராவது தாலி கட்டுவாங்களாப்பா?” என்றாள் மகள்.

கட்டமாட்டார்கள். வேறு நாளும் பார்க்க முடியாது. மாப்பிள்ளைக்குச் சனிக்கிழமை கப்பல். திரும்பி வர இரண்டு வருஷம்.

மகள் ரசீதின் பின்பக்கத்தைப் படித்தாள். உரிமையாளர் தம் நாள் பயன்படுவதை நேரில் பார்வையிடலாம் என்று அச்சிட்டிருந்தது.

“நாள் எங்க இருக்கோ அங்க போயிடலாம்ப்பா.”

ஆவணி பன்னிரண்டு எங்கள் வீட்டில் விடியவில்லை. இருட்டிலேயே பட்டு உடுத்தி, மாப்பிள்ளையையும் நாதஸ்வரக்காரரையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஏழாவது வார்டில் ஒரு கட்டிலின் மேல் எங்கள் வெள்ளிக்கிழமை வெயில் அடித்தது. பக்கத்துக் கட்டிலில் யாருடைய கார்த்திகையோ தூறிக்கொண்டிருந்தது.

எங்கள் நாளில் படுத்திருந்தவர் இருளப்பன், லாரி டிரைவர். தமயந்தி பக்கத்தில் நின்று டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒன்பது நாளில் இருளப்பன் குடிக்கும் முதல் கஞ்சி அது.

“இது உங்க நாளாங்கய்யா? நல்ல நாளுங்க,” என்றார் இருளப்பன்.

சட்டப் பிரிவுகளை எல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். அவற்றை விட்டுவிட்டு அவர் தலையணையை நிமிர்த்தி வைத்தேன். அவர் என் மகளின் பட்டுப்புடவையைப் பார்த்தார்.

“முகூர்த்தம் எப்ப?”

“ஏழரைலேர்ந்து ஒம்பது.”

அவர் காலை மடக்கிக் கட்டிலில் இடம் விட்டார். “அந்த ஒன்றரை மணி நேரத்தை எடுத்துக்கங்க. மிச்சம் எனக்குப் போதும்.”

பெண்ணும் மாப்பிள்ளையும் கட்டிலில் உட்கார்ந்தார்கள். மேளம் கொட்டியது. தாலி ஏறியது. ஒன்பது மணி அடிக்கும்வரை இருளப்பன் மூச்சு விடவில்லை. அது எங்கள் நேரம். பிறர் நேரத்தில் மூச்சு விடுவது முறையில்லை என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அப்படி ஒரு மனிதரை நான் அதுவரை பார்த்ததில்லை.

“நாளைக்கு இவருக்கு யாரு நாள்?” என்று தமயந்தியிடம் கேட்டேன்.

“இன்னும் ஒதுக்கலை சார்.” தலையைக் குனிந்துகொண்டார்.

சட்டைப் பையிலிருந்து செவ்வாய்க்கிழமையை எடுத்து நீட்டினேன். தானாக வந்து கொடுப்பவருக்கு அரசாங்கத்தில் படிவம் இல்லை. தமயந்தி வெள்ளைத்தாளில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு ஒன்று தயாரித்தார்.

“இழப்பீடு என்ன வேணும்? காலியா விடக் கூடாது சார்.”

“இவரு எங்க வீட்டுக்கு விருந்து சாப்பிட வரணும்னு எழுதுங்க.”

எழுதினார். ஸ்டாம்ப் குத்தினார்.

வீட்டுக்கு வந்து பட்டு வேட்டியோடு இருட்டில் படுத்துக்கொண்டோம். வெள்ளி முடிந்தால் சனி. சனிக்கிழமை கப்பல். புருஷனோடு ஒருவேளை சாப்பாடுகூட இல்லையே என்று மகள் அடுக்களையில் அழுதாள்.

வெள்ளிக்கிழமை முடிகிற நேரத்தில் கதவைத் தட்டினார்கள். திறந்தேன். இருளப்பன் நின்றார். ஒரு கையில் குளுக்கோஸ் பாட்டில், மறு கையில் செவ்வாய்க்கிழமை.

“வெள்ளிக்கும் சனிக்கும் நடுவுல செருகச் சொல்லிட்டேங்கய்யா,” என்றார்.

மனைவி தடவித் தடவி இலை போட்டாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். எங்கள் வீட்டில் விடிந்தது.