பஸ்ஸை விட்டு இறங்காதவர்கள்

நான் ஓய்வு பெற ஒன்பது நாள் இருக்கும்போது என் மில் பஸ் கோட்டையாக மாறியது. வேடசந்தூர் பக்கத்து நூற்பாலைக்குப் பெண்களை ஏற்றிப்போகும் ஐம்பது சீட் வண்டி. அன்று காலை அதில் ஐந்நூறு பேர் இருந்தார்கள். சரி, அறுபது. கோபத்தையும் சேர்த்து எண்ணினால் ஐந்நூறு.

முந்தின நாள், நூல் அறுந்துகொண்டே இருந்ததற்காகச் சூப்பர்வைசர் முருகேசன் கௌசல்யாவைக் கன்னத்தில் அறைந்திருந்தான். கன்னம் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. மேனேஜர் மணிமாறனோ, "வழுக்கி விழுந்தேன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. போடாம கேட்டுக்குள்ள கால் வைக்காதே" என்று சொல்லிவிட்டார்.

கேட்டின் முன் வண்டியை நிறுத்தினேன். ஒருத்தியும் இறங்கவில்லை.

மணிமாறன் ஓடி வந்தார். "மணி ஆறாச்சு, இறங்குங்கம்மா!"

"அவ கால் ஆகாதுன்னா எங்க கால் மட்டும் தங்கமா சார்?" என்றாள் சோலையம்மாள், ஜன்னல் வழியாக.

"அப்ப நைட் ஷிப்டையே தொடர்ந்து ஓட்டுறேன்!"

அதைக் கேட்ட நைட் ஷிப்ட் பெண்கள் மெஷின்களை நிறுத்திவிட்டு வெளியே வந்து பஸ்ஸைச் சுற்றி நின்றார்கள். ஷெட் அடங்கியது. அந்த அமைதியில் எங்கோ தொலைவில் இருக்கும் நத்தம் தோப்பு மாங்காய்கள் திடுக்கிட்டு உதிர்ந்தனவாம். சொன்னது யாரென்று கேட்காதீர்கள்.

"டிரைவர், வண்டியத் திருப்புங்க!"

"கியர் விழலையே சார்" என்றேன். இருபத்தேழு வருடத்தில் முதல் தடவை.

பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருந்த கௌசல்யா எழுந்தாள். "நான் விழல சார். அவரு அடிச்சாரு. அத எழுதி, சீல் வச்சு எனக்கு ஒரு நகல் குடுங்க. விசாரணை முடியிற வரைக்கும் அவரு ஷெட்டுக்குள்ள வரக் கூடாது. விசாரிக்கிறவுகள்ல எங்க ஆளும் இருக்கணும்."

"வேலை போயிரும்மா. யோசிச்சுக்க."

"யோசிச்சுட்டுத்தான் சார் பஸ் ஏறுனேன்."

மணிமாறன் பஸ்ஸுக்குள் ஏறினார். யாரும் சீட் தரவில்லை. என் பக்கத்து இன்ஜின் மூடிமேல் தாளை வைத்து, அவள் கேட்ட எல்லாவற்றையும் குனிந்து எழுதினார். கௌசல்யா எட்டிப் பார்த்தாள்.

"'கை பட்டது'ன்னு போட்டிருக்கீக. கை பட்டா இம்புட்டு வீங்குமா? 'அடித்தார்'னு போடுங்க."

அந்த வார்த்தையை அடித்துவிட்டு எழுதினார். சீல் வந்தது. கௌசல்யா இரண்டு தடவை படித்துவிட்டு, தாளைக் கையில் பிடித்தபடி முதல் ஆளாக இறங்கினாள்.

வாட்ச்மேன் வெளியே அனுப்பிய முருகேசன் கேட்டில் எதிரே வந்தான். அவள் ஒதுங்கவில்லை. அவன்தான் ஒதுங்கினான்.