டுவேனுக்கும் ஒரு கை

சனிக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் லோர்னா ஹாப்பலா வீட்டு நிலவறையில் உலகத்தைக் காப்பாற்றும் வேலை தொடங்கிவிடும். காப்பாற்றுகிறவர்கள் எல்லாருக்கும் ஐம்பதுக்கு மேல் வயது. ஒருத்திக்கு மூட்டுவலி, ஒருவனுக்குச் சர்க்கரை. டுலூத்தில் நவம்பர் பிறந்தால் ஏப்ரல் வரை பனிதான். ஏரிக்காற்று எலும்பைத் தேடிப்பிடித்துக் கடிக்கிற ஊரில் மனுஷன் சீட்டாடாமல் வேறென்ன செய்வான்?

கடையில் வாங்கிய சீட்டு இல்லை அது. கல்லூரிக் காலத்தில் நான்கு பேருமாக உட்கார்ந்து வெள்ளை அட்டையில் கையால் வரைந்த கட்டு. இரும்பு அத்தை, டாக்டர் கொசு, ஏரிக்காரி, பாலம்தூக்கி என்று ஏகப்பட்ட மாவீரர்கள். கடைசியில் யாருடைய வீரன் மேஜையில் நிற்கிறானோ அவருக்கு ஜெயம். இவ்வளவுதானா என்று உட்கார்ந்தால் தொலைந்தீர்கள். ஜெயித்தவர் ஒரு புது விதி சொல்லவேண்டும். அது ஓர் அட்டையில் ஏறி மேஜை நடுவே உட்கார்ந்துகொள்ளும். பனி கொட்டும் நாளில் பறக்கிறவர்கள் நடக்கத்தான் வேண்டும். வில்லனிடம் மன்னிப்புக் கேட்டால் அவன் நம் பக்கம் வந்துவிடுவான். இரும்பு அத்தையைக் கையில் வைத்திருப்பவர் நின்றுகொண்டே ஆடவேண்டும். போன வாரத்து விதியை நம்பி வந்தவர் இந்த வாரம் தலையைச் சொறிந்துகொண்டு போவார்.

மாறாத விதி ஒன்றே ஒன்று. ஒரு விதியைச் சொன்னவர் எவரோ, அவர்தான் அதைக் கிழிக்கலாம். இவர்கள் சீட்டை ஒளிப்பார்கள், பக்கத்துக் கையை எட்டிப் பார்ப்பார்கள், கூசாமல் புளுகுவார்கள். விதியில் மட்டும் கை வைக்கமாட்டார்கள். அப்படி ஒரு கிறுக்கு.

நால்வரில் ஒருவன் டுவேன், லோர்னாவின் கணவன். நகரசபையில் பனி வாரும் லாரி ஓட்டினான். பனி பெய்தால் சனிக்கிழமையாவது ஞாயிற்றுக்கிழமையாவது, போயே ஆகவேண்டும். அந்தக் கடுப்பில், ஒரு முறை ஜெயித்தபோது அவன் ஒரு விதி சொன்னான்: வராதவனுக்கும் ஒரு கை போடவேண்டும். அவனுடைய முறை வரும்போது இடப்பக்கம் இருப்பவர் மேல்சீட்டைத் திருப்பவேண்டும். அந்தக் கை ஜெயித்துவிட்டால் அவன் சார்பில் விதியும் சொல்லவேண்டும். இடப்பக்கத்தவர் எழுந்து போயிருந்தால் அதற்கு அடுத்தவர். டுவேனுக்கு இடப்பக்கம் எப்போதும் லோர்னாதான்.

போன மார்ச்சில் லாரியை ஓரங்கட்டிவிட்டு ஸ்டியரிங்கில் தலை சாய்த்தவன் எழுந்திருக்கவில்லை. நெஞ்சுவலி. அடக்கம் முடிந்து வந்த சனிக்கிழமை வெண்டெல் சீட்டைக் கலைத்தான். வெண்டெல் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன், வாய் ஓயாதவன். அன்றைக்கு வாயே திறக்கவில்லை. மூன்று பேருக்குப் போட்டுவிட்டு நிறுத்தினான். விதி டுவேனுடையது. கிழிக்கவேண்டுமானால் டுவேன் வரவேண்டும். நான்காவது கையையும் போட்டான். பாலெட்தான் முதலில் அழுதாள். தனிக்கட்டை அவள், லோர்னாவுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதி. பிறகு மூவருமே அழுதார்கள், மனம் லேசாகிற அழுகை.

கோடை முடியும்போது அந்தக் கை ஜெயிக்கத் தொடங்கியது.

யாரும் யோசித்து ஆடாத கை அது. மேலே இருப்பதைத் திருப்புவார்கள், அவ்வளவுதான். அது எப்படி மூன்று பேர் மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்வதைத் தாண்டி ஜெயிக்கும்? வெண்டெல் சந்தேகப்பட்டுக் கட்டை நாலு தடவை கலைத்தான், வெட்டிக் கலைத்தான், பாலெட்டிடம் கொடுத்துக் கலைத்தான். லோர்னா திருப்பினால் டாக்டர் கொசுவைச் சாகடிக்கிற சீட்டுத்தான் வரும். டுவேனின் காலி நாற்காலிப் பக்கம் லேசாக டீசல் வாசனை அடித்தது. அவனுடைய லாரிக் கோட்டு எப்போதோ தர்மத்துக்குப் போய்விட்டது.

முதலில் லோர்னா வாயில் வந்த விதிகள் சிரிப்பாகத்தான் இருந்தன. தோற்றவர் மேலே போய் பீர் எடுத்து வரவேண்டும். டுவேனேதான் என்று வெண்டெல் மேஜையைத் தட்டினான். அப்புறம், இந்த நாற்காலியில் யாரும் கோட்டைப் போடக் கூடாது என்று வந்தது. அதற்கும் அப்புறம், ஆட்டத்தின் நடுவே லோர்னாவைப் பார்த்துக் கண்ணடிக்கக் கூடாது என்று வந்தது. வெண்டெலுக்குக் காது வரைக்கும் சிவந்துவிட்டது. தூசி விழுந்ததென்று சாதித்தான். எந்தத் தூசி சனிக்கிழமை தவறாமல் விழும்? லோர்னாவுக்கோ பயம் பிடித்துக்கொண்டது. அந்த வார்த்தைகளை அவள் யோசிக்கவில்லை, வாயைத் திறந்தாள், வந்தது. ஆனால் இத்தனை வருஷம் ஒருவனோடு குடித்தனம் செய்தவளுக்கு அவன் என்ன சொல்வான் என்று தெரியாதா? எல்லாம் நம் மனசு பண்ணுகிற வேலை என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

அக்டோபரில் அந்தத் தேறுதலும் போயிற்று. ஆட்டத்தில் டுவேனின் முறை மட்டும் மிச்சம் இருந்தபோது, அடுப்பில் வெந்த ஹாட்டிஷை, கறியும் உருளைக்கிழங்கும் போட்ட பதார்த்தத்தை, இறக்க மேலே போனவளைப் போனும் பிடித்துக்கொண்டது. வெண்டெல் கார்க் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்ட வெளியே போயிருந்தான். பாத்திரமும் கையுமாக அவள் கீழே வந்தபோது மேஜை நடுவே புது அட்டை இருந்தது, பாலெட்டின் உருண்டைக் கையெழுத்தில். விதிகள் எல்லாமே அவள் கையெழுத்தில்தான் இருக்கும், மற்றவர்கள் எழுதினால் படிக்க முடியாது. 'இடப்பக்கம் இருப்பவர் எந்தச் சனிக்கிழமையும் இந்த மேஜையை விட்டுப் போகக் கூடாது.' பாலெட்டின் முகம் வெளுத்திருந்தது. டுவேன் ஜெயித்தான், நீ இல்லாததால் நான்தான் திருப்பினேன், இதுதான் வந்தது என்றாள். 

லோர்னாவின் வாயில் வராத விதி. அவள் மனசின் வேலை என்று இதைத் தள்ள முடியாது. பாத்திரத்தை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். பயம்தான். ஆனால் பயத்துக்கு அடியில் ஒரு சந்தோஷம் இருந்ததை ஒளிப்பானேன்? உயிரோடு இருந்தவரைக்கும் ஆசையாக ஒரு வார்த்தை பேசாத மனுஷன். ஞாயிற்றுக்கிழமை அப்பத்தை நீட்டினால்கூட ம் என்பான். அவன் செத்த பிறகு போகாதே என்கிறான்.

அதன்பின் லோர்னா எங்கும் போகவில்லை. தெற்கே டூசானில் இருக்கும் தங்கை பெவ், நவம்பரில் நன்றியறிதல் பண்டிகை விருந்துக்காவது வா என்று கெஞ்சினாள். இடையில் சனிக்கிழமை வருகிறதே. அங்கே செடிப் பண்ணையில் உனக்கு வேலை பார்த்து வைத்திருக்கிறேன், அந்த வீட்டை விற்றுவிட்டு வெயிலுக்கு வந்து சேர் என்று ஜனவரியில் போட்டாள் ஒரு போடு. வாங்கவும் ஓர் இளம் ஜோடி வந்தது. திங்கட்கிழமைக்குள் முடிவு சொல்லச் சொன்னார்கள். லோர்னாவுக்குப் போகவேண்டும்போல்தான் இருந்தது. உடம்பு பாதியாகியிருந்தது. படுக்கையில் அவன் பக்கம் திரும்பிப் படுக்கத் தைரியமில்லை. யார் பேசினாலும் காது நிலவறைப் படிக்கட்டின் மேலேயே இருந்தது. இப்படியே போனால் தானும் அந்த நாற்காலியில் ஏறி உட்கார்ந்துவிடுவோம் என்று அவளுக்கே தெரிந்திருந்தது.

அவனையே கேட்டுவிடுவது என்று முடிவெடுத்தாள். ஜெயித்தவர் புது விதி சொல்வதற்குப் பதிலாகத் தன் பழைய விதி ஒன்றைக் கிழிக்கலாம். இன்றைக்கு டுவேன் ஜெயித்தால் அவன் சார்பில் வாயைத் திறப்பாள். கிழி என்று வந்தால் டூசான்.

அந்தச் சனிக்கிழமை அதை மற்ற இருவரிடமும் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தாள். வெண்டெல் சரி என்றான். பாலெட் சீட்டுக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே பனி கொட்டியதால் பறக்கிறவர்கள் எல்லாரும் நடந்தார்கள். வெண்டெல் இரும்பு அத்தையைப் பிடித்துக்கொண்டு நின்றான், அவளை ஏரிக்காரி மூழ்கடித்தாள். பாலெட்டின் பாலம்தூக்கி கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தான். லோர்னா இடக்கையால் தன் சீட்டை இறக்கினாள், வலக்கையால் டுவேனுடைய சீட்டைத் திருப்பினாள். கடைசியில் மேஜையில் நின்றது அவனுடைய வீரன்தான்.

ஹீட்டர் ஓடி நின்றது. லோர்னா கண்ணை மூடி வாயைத் திறந்தாள். எப்போதும் தானாக வந்து விழும் வார்த்தை. காத்திருந்தாள்.  கிழி என்று தானே சொல்லிவிடலாம், இரண்டே எழுத்து. ஆனால் அது புளுகு, விதியில் புளுகு. அவளால் முடியவில்லை.

"வரல," என்றாள். "விடமாட்டேங்கிறான்."

அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது. பெவ்விடம் வரவில்லை என்று சொல்லிவிடுகிறேன், வீடும் விற்பனைக்கு இல்லை, மேலே ஹாட்டிஷ் இருக்கிறது சாப்பிடலாமா என்று ஒரே மூச்சில் கேட்டாள். கல்யாணம் நிச்சயமான பெண் மாதிரி இருந்தாள். வெண்டெல் தலையைக் குனிந்துகொண்டான். அந்தச் சிரிப்பைப் பார்க்கச் சகிக்கவில்லை.

பாலெட் கையை நீட்டி மேஜை நடுவிலிருந்து அந்த அக்டோபர் அட்டையை எடுத்தாள். குறுக்கே கிழித்தாள். சேர்த்து வைத்து மறுபடியும் கிழித்தாள்.

வெண்டெல் பதறிப்போனான். "ஏய், அது டுவேனோடது. நீ தொடக் கூடாது."

"விதி எனக்கும் தெரியும்," என்றாள் பாலெட்.

துண்டுகள் மேஜையில் கிடந்தன. முப்பது வருஷத்தில் இந்த மேஜையில் பிறர் விதியை யாரும் கிழித்ததில்லை. பாலெட் கிழிக்கிறாள் என்றால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். வெண்டெலுக்குப் புரிந்தது, தன் நாற்காலியில் சாய்ந்தான். லோர்னாவுக்குப் புரிய இன்னும் கொஞ்சம் நேரமானது. அந்தச் சிரிப்பு முகத்தை விட்டுப் போகத் தெரியாமல் நின்றது.

"அன்னிக்கு நீ மேல பெவ்கூட போன்ல பேசிட்டிருந்த. டூசான், வெயில்னு காதுல விழுந்துச்சு," என்றாள் பாலெட். "நீயும் போயிட்டா எனக்கு யாருடி இருக்கா?"

லோர்னாவுக்குக் கோபம் வரவேண்டும். மூன்று மாதமாக அவளைக் கட்டிப்போட்ட கயிறு இந்தப் பாவியின் கையில் இருந்திருக்கிறது. ஆனால் கோபத்துக்கு முன்னால் வேறொன்று வந்தது.

"அப்ப அன்னிக்கு அவன் ஜெயிக்கவே இல்லையா?"

"ஜெயிச்சான். அது சத்தியம். நான்தான் திருப்பினேன், அவன்தான் ஜெயிச்சான். டீசல் வாசனைகூட வந்துச்சு." பாலெட் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நானும் காதைத் தீட்டிக்கிட்டு ரொம்ப நேரம் காத்திருந்தேன். அவன் ஒண்ணும் சொல்லலடி."

லோர்னா அந்த நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள். வந்திருக்கிறான், உட்கார்ந்திருக்கிறான், ஜெயித்தும் இருக்கிறான். போகாதே என்று சொல்ல மட்டும் அவனுக்கு வாய் வரவில்லை. டுவேன்தான் அது. வேறு யாராக இருக்க முடியும்? அவள் வாய்விட்டு அழுதாள், அடக்கத்தன்றுகூட அப்படி அழவில்லை.

அழுது முடித்து எழுந்தாள். பெவ்விடம் பேசப் போகிறேன், வருகிறேன் என்று சொல்லப் போகிறேன் என்றாள். பாலெட் தலையாட்டினாள்.  வெண்டெல் சீட்டைக் கலைத்தான், பழக்கத்தில் நான்கு கை போட்டான்.

பாதிப் படியில் லோர்னா நின்றாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழே திரும்பாமல் காதைக் கொடுத்தாள். இப்போதாவது ஒரு வார்த்தை. இருடி என்றால் போதும், இருந்துவிடுவாள். கீழே யாரோ சீட்டைத் திருப்பும் சத்தம் கேட்டது. அவள் இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள், பிறகு மிச்சப் படிகளையும் ஏறினாள்.