உள்ளே இருக்கும் மருந்து

கண்ணாஸ்பத்திரியில் காத்திருந்தவர்களில் டெல்பர்ட் மட்டும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார். ஆர்லீன் சேர்ந்திருக்கும் அதே மருந்துச் சோதனையில்தான் அவரும் இருக்கிறார்.

"ஊசி போட்ட அன்னிலேருந்து கண்ணுக்குள்ள ஜவ்வரிசி மாதிரி மிதக்குதும்மா. என் பொண்டாட்டி வச்ச சூப்ப ரெண்டு தடவ வடிகட்டிட்டேன்னா பாத்துக்க! ஒனக்கும் அப்படித்தானே?"

"ஆமா, அப்படித்தான்" என்றாள் ஆர்லீன். அவள் கண்ணில் ஒரு பொட்டுகூட மிதந்ததில்லை.

கண்ணுக்குள் வேண்டாத ரத்தக் குழாய்கள் முளைத்துக் கசிகிற நோய். இடது கண் போன வருஷமே போய்விட்டது. மருந்தைப் பொடிப்பொடி மணிகளாக்கி வலது கண்ணுக்குள் போட்டால், ஆறு மாதம் உள்ளேயே இருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும் என்றார்கள். பாதிப் பேருக்குத்தான் அது. மீதிப் பேருக்கு, மரத்துப்போன கண்ணில் ஊசியில்லாத சிரிஞ்சை அழுத்தி எடுத்துவிடுவார்கள். யாருக்கு எது என்று சொல்லமாட்டார்கள். கையெழுத்துப் போட்டபோது அந்த மீதிப் பேரை வேறு யாரோ என்றுதான் அவள் நினைத்தாள். உள்ளேதான் மருந்து இருக்கிறதே என்ற தைரியத்தில், பனிப்புயலில் புருஷன் ராய்ஸை இந்த டூலூத் ஆஸ்பத்திரி வரை கார் ஓட்ட வைப்பானேன் என்று இரண்டு முறை பரிசோதனைக்கு வராமலும் இருந்துவிட்டாள். என்ன புத்தி அது! ராய்ஸுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அந்த வீட்டில் பேச்சு, சண்டை, கொஞ்சல் எல்லாம் கைகளால்தான். கண் போனால் புருஷன் பேச்சும் போச்சு. நான்கைந்து நாளாக நடுப்பார்வை மங்கிவருவதை அவரிடம் அவள் இன்னும் சொல்லவில்லை.

கண்ணைப் படம் எடுத்து முடித்த நர்ஸ் கிறிஸ்டாவிடம் நேராகவே கேட்டாள். "எனக்குப் போட்டது வெறும் சிரிஞ்சுதானே?"

"சத்தியமா எனக்குத் தெரியாதுங்க."

"சரி, இப்பவாவது நெஜ மருந்தப் போடுங்களேன்."

கிறிஸ்டா நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "கசிஞ்ச எடத்துல தழும்பு விழுந்துடுச்சும்மா. டாக்டர் வந்து சொல்லுவாரு. இனிமே எதப் போட்டாலும்..."

டாக்டரும் வந்து அதையேதான் சொன்னார்.

ராய்ஸ் காரில் ஹீட்டரைப் போட்டுக் காத்திருந்தார். அவள் ஏறி உட்கார்ந்ததும் அவர் கைகள் எழுந்தன. நேராகப் பார்த்தாள். கைகள் இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல் கறைதான் இருந்தது. ஓரப்பார்வை மட்டும்தான் மிச்சம். அவர் கைகளைப் பார்ப்பதற்காக முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினாள். கடைக்கண்ணில் விரல்கள் கலங்கலாகத் தெரிந்தன. என்ன சொன்னார்கள் என்றுதான் கேட்கிறார்.

அவர்கள் வீட்டில் ஒருவர் பேசும்போது மற்றவர் முகத்தைத் திருப்பினால், போதும், வாயை மூடு என்று அர்த்தம். நாற்பது வருஷச் சண்டைகளில் அவள் அதை வேண்டுமட்டும் செய்திருக்கிறாள்.

அவர் கைகள் பாதியில் நின்றன. பிறகு இரண்டும் கீழே இறங்கி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டன.